வந்தது ஒன்றுக்காக, தங்கியது வேறொன்றுக்காக



மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே ரயிலில் போய் வருகிறவர்களுக்குக் கொடைரோடு நன்றாகத் தெரிந்த ஸ்டேஷன். வண்டி நிற்கும். ஸ்வெட்டரைக் கையில் மடித்துப் பிடித்த குடும்பங்கள் நாலைந்து இறங்கும். கூடையில் பன்னீர் திராட்சையோடு வியாபாரிகள் ஜன்னல் ஜன்னலாக வருவார்கள். சிறுமலை அடிவாரத்துத் தோட்டங்களில் வெட்டிய கொத்து. கருநீலத் தோலின்மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். கிலோ என்ன விலை என்று நாம் கேட்டு முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். இறங்கியவர்கள் பஸ்ஸிலோ காரிலோ ஏறி வத்தலகுண்டு வழியாக மலைக்குப் போய்விடுவார்கள். ஊர் மறுபடி தன் வேலையைப் பார்க்கும்.

இந்த இதழின் சிறப்புப் பகுதி, தொழில்கள் எங்கே முளைக்கின்றன, ஏன் அங்கே முளைக்கின்றன என்பது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது கொடைரோட்டை விட்டால் வேறு நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. காரணம் வேடிக்கையானது. பாடப்புத்தகம் சொல்கிறபடி பார்த்தால் இந்நேரம் இது பெரிய தொழில் நகரமாகியிருக்க வேண்டிய ஊர்.

தொழில் புவியியலில் ஒரு பழைய விதி உண்டு. சரக்கு ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறுகிற இடத்தில் ஆலைகள் வரும் என்பார்கள். கப்பலிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து மாட்டுவண்டிக்கு என்று எங்கே சரக்கு கைமாறுகிறதோ, அங்கே எப்படியும் இறக்குகூலியும் ஏற்றுகூலியும் கொடுத்தாக வேண்டும். இறக்கியதுதான் இறக்கினோம், இங்கேயே அரைத்து, ஆட்டி, நூற்று, பொருளாக்கி ஏற்றிவிட்டால் ஒரு கூலி மிச்சம். உலகத்துத் துறைமுகங்களில் மாவு ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் நிற்பது இதனால்தான். தூத்துக்குடியில் 1888-ல் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை வைத்ததிலும் இந்தக் கணக்கு உண்டு.

கொடைரோடு சரியாக அப்படிப்பட்ட இடம். 1875-ல் தென்னிந்திய ரயில்வே திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் பாதை போட்டபோது, கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இறங்குவதற்கு, இன்று கொடைரோடு ஸ்டேஷன் இருக்கும் அம்மையநாயக்கனூர்தான் ஏற்ற இடமாக அமைந்தது. அப்போது மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. இங்கே இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, ராத்திரி முழுக்கக் குலுங்கிக்கொண்டு பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ நடந்தோ ஏற வேண்டும். வெள்ளைக்காரக் குடும்பங்களின் பியானோகூடத் தலைச்சுமையாகத்தான் மலையேறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1910-களில் வத்தலகுண்டு வழியாக மலைச்சாலை அமைந்த பிறகு டோலி போய் மோட்டார் வந்தது. ரயிலை விட்டுச் சாலைக்கு மாறும் இடம் மட்டும் மாறவில்லை. ஸ்டேஷனிலிருந்து கொடைக்கானல் இன்றைக்கும் 80 கிலோமீட்டர்.

அப்படியிருந்தும் ஏன் ஆலைகள் வந்து குவியவில்லை? இங்கே கைமாறியது பெரும்பாலும் ஆட்கள். சுற்றுலா வந்தவர்களை அரைத்து மூட்டை கட்ட முடியாது. அவர்களுக்கு இட்லி போடலாம், டீ போடலாம், திராட்சை விற்கலாம். அதை இந்த ஊர் செய்தது. மலையின் விளைச்சல் வேறு பாதைகளில் இறங்கியது. காபி பட்டிவீரன்பட்டிக்குப் போனது; வாழையும் பேரிக்காயும் மொத்தச் சந்தைகளைத் தேடி நேராகப் போயின. விதி பொய்யில்லை. ஆனால் விதிக்குள் வருகிற ‘சரக்கு’ எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பட்டியல் ஒன்று உண்டே: கச்சாப்பொருள், மின்சாரம், போக்குவரத்து, தொழிலாளர், சந்தை, மூலதனம், அரசுக் கொள்கை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இதை எழுதினால் ஐந்தும் கிடைக்கும். எனக்கு இந்தப் பட்டியலோடு நெடுநாள் வழக்கு. ஒரு தொழில் வந்த பிறகு அதற்குக் காரணம் கேட்டால் இந்த ஏழில் ஏதோ மூன்றை எடுத்துப் பொருத்திவிடலாம். வராத ஊரைக் காட்டிக் கேட்டாலும் மிச்சம் நான்கை எடுத்துப் பொருத்திவிடலாம். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் பட்டியல் எதையும் விளக்குவதில்லை. அதை ஒரு மாவட்டத்துக்குள் இறக்கி, தொழில் தொழிலாக வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்று தெரிகிறது. கொடைரோட்டைச் சுற்றி அப்படிப் பார்ப்பதற்கு வேண்டிய மட்டும் இருக்கிறது.

முதலில் பட்டியல் எடுபடுகிற இடம். ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வெபர் என்கிற பேராசிரியர், சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபரின் தம்பி, 1909-ல் தொழில்களின் இருப்பிடம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் சொன்னதன் சாரத்தை வண்டிக்காரர் கணக்காகவே சொல்லிவிடலாம். கச்சாப்பொருளின் எடையை, செய்து முடித்த பொருளின் எடையால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றைவிட மிக அதிகமாக வந்தால், வழியில் எடை கரைகிறது என்று பொருள். ஆலை கச்சாப்பொருளுக்குப் பக்கத்தில் வரும். வீணாகப் போகிற எடைக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

இதற்கு நிலக்கோட்டை மல்லிகையைவிட நல்ல சாட்சி கிடையாது. விடியுமுன் பறித்த மொட்டு காலையில் பூ மார்க்கெட்டுக்கு வருகிறது. முகூர்த்த நாளென்றால் விலை ஆகாயத்தில்; அடுத்த நாளே தரையில். பூக்கட்டுகிறவர்களுக்கு விரியாத மொட்டுதான் வேண்டும். அவர்கள் வாங்கியது போக மீதியை எடுத்துக்கொள்வது ‘சென்ட் கம்பெனி’ என்று இங்கே எல்லோரும் சொல்கிற வாசனைத் தொழிற்சாலை. அவர்களுக்கு வேண்டியது நேர்மாறு. மொட்டில் மணம் முழுசாக இருக்காது. மலரும்போதுதான் அது ஊறும். ஆகவே வாங்கிய மொட்டைப் பரப்பி வைத்து, மாலை மயங்கி அது வாய் திறக்கும் வரை காத்திருக்கிறார்கள். ராத்திரிதான் வேலை. கரைப்பானில் ஊறவைத்து மணத்தைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி எடுத்தால் கடைசியில் மெழுகு போல ஒன்று மிஞ்சுகிறது. தொழிலில் அதற்குக் கான்கிரீட் என்று பெயர். ஒரு கிலோ கான்கிரீட்டுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். அந்தப் பூவும் மறுநாள் வரை தாங்காது. இப்படிப்பட்ட தொழிலைச் சென்னைக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? பிரான்சிலிருக்கும் வாசனைக் கம்பெனி சரக்கை வாங்கலாம். ஆலையை நிலக்கோட்டையை விட்டு நகர்த்த முடியாது. வெபர் இங்கே நூற்றுக்கு நூறு.

பட்டிவீரன்பட்டி காபியில் எண்பது சதவீதம்தான். தோட்டத்திலிருந்து வரும் காபிக்கொட்டை தோலோடு வருகிறது. அதை உலர்த்தி, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிப்பதைக் காபி க்யூரிங் என்கிறார்கள். இதில் எடை குறைவதென்னவோ ஐந்தில் ஒரு பங்குதான். எடைதான் பெரிதென்றால் தோட்டத்துக்குள்ளேயே ஆலை நின்றிருக்க வேண்டும். ஆனால் மலையில் மேகமும் ஈரமும். கீழே சமவெளியின் காய்ந்த வெயில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆலை வெயிலைத் தேடி மலையடிவாரத்துக்கு இறங்கிவிட்டது. வெயில் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செலவாக ஏறுவதில்லை. ஆனால் மழை பெய்கிற ஊர்க்காரனுக்கு அதன் விலை தெரியும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிவகாசி வறட்சி உதவியதுபோலத்தான் இதுவும்.

இனி எடை கரையாத பொருளுக்கு வருவோம். பஞ்சு நூலாகும்போது கழிவு போக எடை அதிகம் குறையாது. அப்படியென்றால் பஞ்சாலை பஞ்சு விளையும் இடத்தில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை; எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஹார்வி சகோதரர்கள் 1885-ல் தாமிரபரணியின் அருவி விசையை நம்பிப் பாபநாசத்தில் ஆலை கட்டினார்கள். 1892-ல் மதுரையில் கட்டும்போது ரயிலும் சுற்றுவட்டாரக் கரிசல் பருத்தியும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன. பிறகு 1932-ல் பைகாரா மின்சாரம் வந்து கோயம்புத்தூரை ஆலைக்காடாக்கிற்று. மின்சாரம் கம்பியில் எங்கும் போகும் என்றானதும் ஆலை எதற்கும் கட்டுப்படவில்லை.

இன்று வேடசந்தூர் வட்டாரத்தில் நெடுஞ்சாலையோரம் வரிசையாக நிற்கும் நூற்பாலைகளுக்குப் பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. நாட்டின் நூற்புத் திறனில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் நம் மண்ணில் விளையும் பஞ்சு நம் ஆலைகளின் தேவைக்கு உறைபோடவும் காணாது. ஆக, இந்த ஆலைகள் எதற்குப் பக்கத்தில் நிற்கின்றன? பாடப்புத்தகத்தில் ‘மலிவான உழைப்பு’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். மழையை நம்பிய காடு, வேறு வேலை இல்லாத கிராமம், ப்ளஸ் டூ முடித்த பெண், ஆலைக்குள்ளேயே விடுதி, மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகக் கையில் ஒரு தொகை என்ற ‘சுமங்கலித் திட்டம்’: அந்த இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் அடக்கம்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. 2021-ல் இம்மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில் உற்பத்தி நிறுவனத்தோடும், வாங்குகிற உலக பிராண்டுகளோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைக்குள் பெண்கள் மீதான வன்முறையையும் துன்புறுத்தலையும் தடுப்பதற்கான அந்த ஏற்பாட்டை உலகமே இன்று ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றுதான் அழைக்கிறது. ஆலை இங்கே வந்தது கூலி குறைவென்பதற்காக. அந்தக் கூலிக்காரர்களே சேர்ந்து ஆலையை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இருப்பிடக் கோட்பாடு எழுதிய எந்தப் பேராசிரியரும் இதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது பூட்டு. அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் ஏன் பூட்டு என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: மண் வறண்டது, தண்ணீர் இல்லை, விவசாயம் செழிக்கவில்லை, அதனால் இரும்பைப் பிடித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வறண்ட மண்ணுக்கு நம் மாநிலத்தில் பஞ்சமா? ராமநாதபுரம் பூட்டு செய்யவில்லை, விருதுநகர் செய்யவில்லை. திண்டுக்கல்லில் இரும்புச் சுரங்கமும் இல்லை. வறுமை ஒருவனை வேறு வேலை தேட வைக்கும். அந்த வேலை பூட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று வறுமை சொல்லாது. என்னைக் கேட்டால், நாலைந்து ஆசாரிகளின் கைதான் இதற்கு ஆரம்பம். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் மைத்துனனுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ரயில் வந்தது, தோலும் புகையிலையும் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குக் கிட்டங்கி இருந்தது, கிட்டங்கிக்குக் கதவு இருந்தது. மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

நாகல்நகர் பக்கம் ஒரு பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். தகட்டை வெட்டுகிறவர் ஒருவர். லீவர் செய்கிறவர் இன்னொருவர். வளையத்தை வளைக்கிறவர் வேறொரு வீட்டில். மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டைப் பாருங்கள். உள்ளே தகட்டு லீவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஆறும் உண்டு, எட்டும் உண்டு. சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் லீவரைத் தன் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் தாழ் நகரும். ஒன்று மயிரிழை தாழ்ந்தாலும் நகராது. அந்த மயிரிழையை அரம் பிடித்த கை பார்த்துக்கொள்கிறது, அளவுகோல் கிடையாது. சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பார், எடுத்து இரண்டு இழுப்பு அராவுவார், மறுபடி போடுவார். கையால் செய்வதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. திறக்கும்போது மணி அடிக்கிற பூட்டு உண்டு. சாவியை எந்தத் துவாரத்தில் நுழைப்பது என்றே வெளியாளுக்குத் தெரியாத பூட்டு உண்டு. கோயில் கதவுக்கென்று ஆளே தூக்கத் திணறும் கனத்தில் செய்கிற பூட்டும் உண்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890-ல் எழுதிய பெரிய நூலில் இதற்கான விளக்கம் இருக்கிறது. ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒரே தெருவில் நெடுநாள் வாழ்ந்தால் தொழில் நுட்பம் ரகசியமாக இருப்பதில்லை, குழந்தைகள் தெரியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்கிறார். ஒருவர் ஒரு புது வழி கண்டால் நாளைக்குப் பக்கத்துப் பட்டறையில் அதற்கு ஒரு திருத்தம் வந்துவிடும். உதிரிபாகம் செய்கிறவர், பழுது பார்க்கிறவர், கடன் கொடுக்கிறவர், சரக்கு எடுக்கிறவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்குப் பேர்போனது. சாணைக்கல்லும் ஓடைத் தண்ணீரும் அந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தன. பிற்பாடு நல்ல இரும்பை சுவீடனிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். ஓடைக்குப் பதில் நீராவி வந்தது. தொடங்கி வைத்த காரணங்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகும் கத்தித் தொழில் ஊரை விட்டுப் போகவில்லை. தொழில் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கும்; அது தங்கியதற்கு முற்றிலும் வேறு காரணம் இருக்கும். இந்த இதழின் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பூட்டு தங்கியதில் டெல்லிக்கும் ஒரு பங்கு உண்டு. அது பலருக்குத் தெரியாது. 1950-களில் தொடங்கி 1990-களின் ஆரம்பம் வரை, சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று ஒரு மத்திய அரசுக் கொள்கை இருந்தது. ஜாம்ஷெட்பூரில் செய்த எஃகு ஜாம்ஷெட்பூரிலும் திண்டுக்கல்லிலும் கிட்டத்தட்ட ஒரே விலை. வழிச்செலவை அரசின் ஏற்பாடு ஈடுகட்டியது. வெபரின் கணக்கை ஒரே அரசாணையில் அழித்துவிட்டார்கள். இரும்பும் நிலக்கரியும் வைத்திருந்த பீகார், ஒரிசா, வங்கம் இதில் ஏமாந்தன. அவர்கள் மண்ணுக்கிருந்த ஒரே அனுகூலம் பறிபோனது. மேற்கிலும் தெற்கிலும் இயந்திரத் தொழில் வளர்ந்தது. நமக்கு லாபமான கொள்கை என்பதால் நாம் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இப்போது அந்தக் கொள்கையும் இல்லை. அலிகாரில் இயந்திரத்தில் செய்யும் பூட்டு பாதி விலைக்குத் திண்டுக்கல் கடைவீதியிலேயே கிடைக்கிறது. பட்டறைக்காரர் மகன் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்க அரம் பிடித்தால் கிடைக்கிற காசு அவ்வளவுதான். கை இருக்கும் வரை தங்கிய தொழில், கை கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புவிசார் குறியீட்டுச் சான்றிதழால் தீர்க்க முடியாது. அரசாங்கத் துறைகள் தங்கள் கதவுகளுக்கு இந்தப் பூட்டை வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

பிரியாணியை விட்டுவிட்டீர்களே என்று கடிதம் வரும், தெரியும். 1957-ல் நாகசாமி நாயுடு கடை போட்டதிலிருந்து அது தனிக் கதை. இந்தப் பக்கத்துக்கு வேண்டியது இவ்வளவு: ஆட்டின் கறி பிரியாணிக்குப் போகிறது, தோல் தோல்ஷாப்புக்குப் போகிறது. இரண்டும் ஒரே ஊரில் இருப்பது தற்செயலாக இருக்க வேண்டியதில்லை.

தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல்லுக்கு வந்த காரணம் தெளிவானது. ஆட்டுச்சந்தையில் தோல், சுற்றுவட்டாரப் பொட்டலில் ஆவாரஞ்செடி. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்திய தென்னிந்தியத் தோலுக்கு லண்டன் சந்தையில் ஒரு காலத்தில் தனி மவுசு. பட்டை மூட்டை மூட்டையாக வேண்டும் என்பதால் ஆவாரங்காட்டுப் பக்கமே ஊறல் தொட்டிகள் வந்தன. 1970-களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுக்கப் பதனிட்டே அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி கூடியது. ஆவாரம்பட்டை பின்னுக்குப் போய் குரோமியம் பெருகியது. தொட்டி அதே இடத்தில், தண்ணீர் அதே இடத்தில், ரசாயனம் மட்டும் புதுசு.

ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அது எங்கே போயிற்று என்பதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பில் படிக்கலாம். வழக்கு வேலூர் பெயரில் இருந்தாலும் திண்டுக்கல்லும் அதில் இருக்கிறது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பகுதிகளின் 13 கிராமங்களில் குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற ஆய்வை நீதிபதி குல்தீப் சிங் எடுத்துச் சொல்கிறார். மாசுபடுத்துகிறவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர் பிடித்ததில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒவ்வொரு தோல்ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். ஒரு கிணறு வெட்டக்கூட அது காணாது.

வெபரின் கணக்கில் வண்டிவாடகை வரும், கூலி வரும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வராது. கணக்கில் வராத செலவை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த விலாசம் எந்த இருப்பிட வரைபடத்திலும் இல்லை.

மலைமேல் நடந்தது இதைவிட வினோதம். எதற்கும் கட்டுப்படாமல் நினைத்த இடத்தில் நிற்கக்கூடிய தொழில்கள் உண்டு என்பார்கள். கச்சாப்பொருளும் எடை குறைவு, செய்த பொருளும் எடை குறைவு. அதற்கு உதாரணம் வேண்டுமென்றால் வெப்பமானித் தொழிற்சாலையைச் சொல்லலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஆலையைப் பெயர்த்து, 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் கொண்டுவந்து வைத்தார்கள். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த வெப்பமானி வெளிநாட்டுக்குப் போனது. ஆலையை முதலில் நடத்தியது பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். 2001 மார்ச்சில் ஊர்ப் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பதை உள்ளூர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போவது எளிது. சோலைக்காட்டு மண்ணில் கலந்ததைப் பெயர்த்தெடுப்பதற்கு இன்னும் ஆண்டுகள் பிடித்தன.

கொடைரோட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் அம்பாத்துரை. அங்கே இறங்கினால் காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் தொடங்கியது. தொழில் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் வைத்த பதிலே வேறு: ஆள் இருக்கும் இடத்தில். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவும் அதைத்தான் எழுதினார். விளையும் இடம், செய்யும் இடம், நுகரும் இடம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். அதை நான் முழுக்க ஏற்கவில்லை. கதர் ஒன்றால் வேடசந்தூர்ப் பெண்களுக்கெல்லாம் வேலை கொடுத்துவிட முடியாது. ஆனால் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையே தானும் குடிக்கிற முதலாளி அதைக் கெடுக்கத் தயங்குவார் என்ற எளிய உண்மை குமரப்பாவிடம் இருக்கிறது, வெபரிடம் இல்லை.

இன்று கொடைரோட்டில் பெரிய இரைச்சல் ரயிலுடையது இல்லை. நான்குவழிச் சாலையின் டோல்கேட்டில் வரிசை கட்டும் லாரிகளுடையது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள் இந்த வழிதான். நிலக்கோட்டை சிப்காட் பக்கத்தில் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து யாராவது இந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால், ரயில் சாதிக்காததை சாலை சாதித்ததா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே சின்னாளபட்டி நெசவு, சிவகாசி அச்சுத் தொழில், திருப்பூர் பனியன் பற்றித் தனித்தனிக் கட்டுரைகள் இருக்கின்றன. திண்டுக்கல் சுருட்டு பற்றியதை இடமில்லாமல் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். ஸ்பென்சர் கம்பெனியின் பழைய சுருட்டு ஆலையில் வேலை பார்த்த குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், புகைப்படமோ சம்பளச் சீட்டோ இருந்தால் எங்களுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் ஊரில் ஒரு தொழில் இருந்து மறைந்திருக்கும், அல்லது யாரும் எதிர்பாராமல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஆரம்பித்தது யார், அவர் எந்த ஊரில் கற்றுக்கொண்டு வந்தார், கச்சாப்பொருள் எங்கிருந்து வந்தது, கழிவு எங்கே போனது: இந்த நான்கையும் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். மாணவர்கள் எழுதினால் வகுப்பையும் பள்ளியையும் குறிப்பிடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கடிதங்கள் நிறைய வரும் என்று எதிர்பார்க்கிறேன். அவர்களுக்கு அதே கேள்வியைத் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
ஆசிரியர்